சாலை போட்ட கணக்கு எம்-புக்கில் இருக்கிறது

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகும் மூன்று கிலோமீட்டர் சாலையைப் போன வருடத்துக்கு முந்தின வருடம் புதிதாகப் போட்டார்கள். முதல் மழையில் ஓரம் உடைந்தது. அடுத்த மழையில் நடுச்சாலையே பெயர்ந்துவிட்டது. இருட்டில் பைக்கில் வந்த என் மாமனார் பள்ளத்தில் விழுந்து கை முறிந்து வீட்டில் இருக்கிறார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசுக்கு மனுப் போட்டேன். ‘சாலை ஏன் இவ்வளவு சீக்கிரம் பழுதானது, எப்போது சரிசெய்வீர்கள், யார் பொறுப்பு’ என்று கேட்டிருந்தேன். ‘நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன் பணி மேற்கொள்ளப்படும்’ என்று ஒரு வரியில் பதில் வந்தது. மேல்முறையீடு செய்யலாமா? ‘பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை, காண்ட்ராக்டர் பொல்லாதவர்’ என்று ஊரில் சிலர் பயமுறுத்துகிறார்கள். வழி சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமனாரின் கை சீக்கிரம் கூட வேண்டும். மருத்துவமனைச் சீட்டு, எக்ஸ்ரே, அவர் விழுந்த பள்ளத்தின் படம் மூன்றையும் ஓர் உறையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள்.

மேல்முறையீட்டுக்கு இப்போது போக வேண்டாம். உங்களுக்கு வந்தது மனம் நோகச் செய்யும் பதில்தான். ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அதற்கு மேல் வாங்கித் தரச் சட்டத்தில் இடமில்லை. சட்டம் ‘தகவல்’ என்று சொல்வது ஓர் அலுவலகத்தின் கையில் ஏற்கெனவே இருக்கும் பதிவுகளை: கோப்பு, ஆணை, ஒப்பந்தம், அறிக்கை, பதிவேடு, மாதிரிப் பொருள். சாலை ஏன் பெயர்ந்தது என்பதை யாரும் கோப்பில் எழுதி வைப்பதில்லை. இல்லாத தகவலைப் புதிதாகத் தயாரித்துக் கொடுக்கவோ, கருத்துச் சொல்லவோ பொதுத் தகவல் அலுவலருக்குக் கடமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சி.பி.எஸ்.இ. விடைத்தாள் வழக்கில் சொல்லிவிட்டது. நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருந்தபோது பொதுத் தகவல் அலுவலர் பொறுப்பையும் நான் பார்த்திருக்கிறேன். ‘ஏன், எப்போது, யார்’ என்று வரும் மனுக்களுக்கு அன்றைக்கே பதில் எழுதி அனுப்பிவிடுவார்கள். வேலையின் அளவுகளை எழுதி வைக்கும் எம்-புக்கின் பக்கத்தைக் கேட்டு ஒரு மனு வந்தால்தான் பொறியாளர்கள் கோப்பைக் கையில் எடுப்பார்கள்.

அதனால் புதிய மனுவே நல்லது. ஒரே சாலையைப் பற்றி இரண்டாவது மனுப் போடக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

முதலில், சாலை யாருடையது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஊர்ச் சாலை என்பதால் பி.டி.ஓ. ஆபீசுக்குப் போயிருக்கிறீர்கள், பெரும்பாலும் அதுவே சரியாக இருக்கும். ஆனால் கிராமத்துக்குப் போகும் சாலைகளிலும் சில, ‘மாவட்ட இதர சாலை’ என்ற பெயரில் நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. அப்படியென்றால் கோட்டப் பொறியாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். மத்திய அரசின் பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டம், நபார்டு கடன், முதல்வரின் கிராம சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் என்று பணம் வரும் வழிகளும் பல. சாலை தொடங்கும் இடத்தில் வேலையின் பெயர், திட்டம், தொகை, ஒப்பந்ததாரர் பெயர் எழுதிய பலகை இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் இன்றே படம் எடுத்துவிடுங்கள். பிரச்சினை கிளம்பிய பிறகு இந்தப் பலகைகள் காணாமல் போவதுண்டு. தவறான அலுவலகத்துக்கு மனு போய்விட்டாலும் கவலை வேண்டாம். 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அதை மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு.

இனி எம்-புக். அளவைப் புத்தகத்தை ஆபீசில் அப்படித்தான் சொல்வார்கள். வேலை நடக்கும்போது ஒவ்வோர் அடுக்கையும் நேரில் அளந்து நீளம், அகலம், கனம் எழுதி ஓவர்சியரோ உதவிப் பொறியாளரோ கையெழுத்துப் போடுவார். மேலதிகாரி வந்து அளவைச் சரிபார்த்து இன்னொரு கையெழுத்துப் போடுவார். இதற்கு ‘செக் மெஷர்மென்ட்’ என்று பெயர். இந்தப் புத்தகத்தின் பேரில்தான் பில் பாஸ் ஆகும். ‘யார் பொறுப்பு’ என்று கேட்டீர்களே, அதற்கான விடை இந்தக் கையெழுத்துகளில் இருக்கிறது. அந்த நாளில் இந்த நீளத்துக்கு, இந்தக் கனத்துக்கு ஜல்லி போடப்பட்டது, நான் நேரில் பார்த்தேன் என்று ஓர் அரசு ஊழியர் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அது.

கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஜல்லி அடுக்கைக் கன மீட்டரில் அளப்பார்கள். 1 கி.மீ. நீளம், 3.75 மீட்டர் அகலம், 75 மி.மீ. கனம் என்றால் 281.25 கன மீட்டர். அதே இடத்தில் 50 மி.மீ. கனம்தான் போட்டிருந்தால் 187.5 கன மீட்டர். மூன்றில் ஒரு பங்கு ஜல்லி சாலைக்கு வரவே இல்லை, பணம் மட்டும் போயிருக்கிறது என்று பொருள். பெயர்ந்த பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து பார்த்தாலே அடுக்குகள் தெரியும். ஒரு ஸ்கேலைச் செங்குத்தாக வைத்துப் படம் எடுங்கள். பத்து இடத்தில் எடுங்கள். பின்னால் தெரியும் மின்கம்பத்தின் எண்ணோ கிலோமீட்டர் கல்லோ படத்தில் விழட்டும். அகலத்தையும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். பள்ளம் இல்லாத இடத்தைக் கடப்பாரையால் நீங்களே குத்திப் பார்க்காதீர்கள். பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக உங்கள் மேலேயே வழக்கு வரும்.

மேலே விழும் தார் அடுக்கில்தான் சூட்சுமம். கிராமச் சாலைகளில் வழக்கமாகப் போடுவது 20 மி.மீ. கனமுள்ள ஓ.ஜி.பி.சி., அதாவது சின்ன ஜல்லியும் தாரும் கலந்து விரிக்கும் அடுக்கு. அதை அளப்பது சதுர மீட்டரில். 20 மி.மீட்டருக்குப் பதிலாக 12 மி.மீ. போட்டாலும் எம்-புக்கில் நீளமும் அகலமும் அதே எண்ணாகவே இருக்கும். அதனால் எம்-புக் மட்டும் கேட்டால் போதாது. தார் வாங்கிய இன்வாய்ஸையும் கேட்க வேண்டும். மணலி போன்ற சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து எந்தத் தேதியில் எத்தனை டன் தார் வந்தது என்று இன்வாய்ஸ் சொல்லும். எஸ்டிமேட்டின்படி எவ்வளவு தார் செலவாக வேண்டும் என்பது கணக்கில் வந்துவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே இன்வாய்ஸை இரண்டு சாலைக்குக் காட்டும் பழக்கமும் உண்டு. பக்கத்து ஊர்ச் சாலையை அதே ஒப்பந்ததாரர் போட்டிருந்தால் அதையும் கேட்டு இன்வாய்ஸ் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.

‘முதல் மழையில் ஓரம் உடைந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். பொறியாளராக எனக்கு உறுத்தும் வரி அது. சாலையைக் கொல்வது தண்ணீர். இரண்டு பக்கமும் கிராவல் கொட்டி, உருளை ஓட்டி இறுக்கிய தோள் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் தாரின் விளிம்பு அந்தரத்தில் நிற்கும். மழைநீர் அடியில் புகுந்து ஜல்லியை இளக்கும், ஒரு டிராக்டர் இறங்கினால் விளிம்பு உடையும். பில்லில் தோளுக்கும் பணம் எடுத்துவிட்டு, சாலையோர மண்ணையே சுரண்டிப் பரப்பிவிடுவது நான் பல இடங்களில் பார்த்தது. எஸ்டிமேட்டில் இதற்கு எத்தனை கன மீட்டர் கிராவல் காட்டியிருக்கிறார்கள் என்று கட்டாயம் பாருங்கள்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாலை பெயர்ந்த எல்லா இடத்திலும் திருட்டு நடந்திருக்கும் என்பதில்லை. ஜல் ஜீவன் குழாய் பதிக்கச் சாலையை வெட்டி ஒழுங்காக மூடாமல் போயிருக்கலாம். குவாரி லாரிகள் அந்தச் சாலை தாங்காத பாரத்தோடு ஓடியிருக்கலாம். அதனால் சாலை வெட்டுவதற்குக் கொடுத்த அனுமதி, மீண்டும் சீரமைக்கக் கட்டிய தொகை பற்றிய ஆவணத்தையும் சேர்த்துக் கேளுங்கள். அந்தத் தவறு வேறொருவருடையதாக இருந்தால், மனுப் போக வேண்டிய இடமும் வேறு.

மனுவை இப்படி எழுதலாம். சாலையின் பெயரை, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்று, பலகையில் உள்ளபடியே எழுதுங்கள். பிறகு:

‘மேற்படி சாலைப் பணி தொடர்பாகப் பின்வரும் ஆவணங்களின் சான்றிட்ட நகல்கள் வேண்டும்.
1. நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, விரிவான மதிப்பீடு.
2. பணி ஆணை, ஒப்பந்ததாரருடன் செய்துகொண்ட ஒப்பந்தம் (குறைபாட்டுப் பொறுப்புக் காலம் பற்றிய நிபந்தனை உட்பட).
3. இப்பணிக்கான அளவைப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்கள், சரிபார்ப்பு அளவீட்டுப் பக்கங்கள் உட்பட.
4. வழங்கப்பட்ட பில்கள், பிடித்து வைக்கப்பட்டுள்ள தொகையின் விவரம்.
5. தார் கொள்முதல் இன்வாய்ஸ்கள், தரப் பரிசோதனை அறிக்கைகள்.
6. பணி முடிப்புச் சான்று.
7. பணி முடிந்த பிறகு இச்சாலையில் குழாய், கேபிள் பதிக்கக் கொடுக்கப்பட்ட அனுமதிகள்.
8. பழுதைச் சரிசெய்யச் சொல்லி ஒப்பந்ததாரருக்கு அலுவலகம் அனுப்பிய கடிதங்கள்.’
இதன் கீழே சட்டப் பிரிவின் எண்ணைப் போட்டுக் குழம்ப வேண்டாம். ‘இப்பணியையும் கோப்பையும் நேரில் பார்வையிடவும், சாலையில் பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் தேதி குறித்துத் தர வேண்டுகிறேன்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

எட்டாவது கேள்வியைச் சின்னது என்று விட்டுவிடாதீர்கள். கடிதமே அனுப்பவில்லை என்றால் ‘அவ்வாறான கடிதம் ஏதும் இல்லை’ என்று எழுத்தில் பதில் வரும். அந்த ஒரு வரி பிறகு ஆட்சியர் முன்னால் உங்கள் கையில் இருக்கும் வலுவான காகிதம்.

கடைசியில் சேர்த்த வரிக்கும் சட்டத்தில் நேரான இடம் உண்டு. வேலையைப் பார்வையிடுவதும் பொருளின் மாதிரி எடுப்பதும் தகவல் அறியும் உரிமைக்குள் வருகிறது என்று அதன் வரையறையிலேயே எழுதியிருக்கிறது. பலர் இதைப் பயன்படுத்துவதில்லை. அலுவலர் முன்னிலையில் சாலையை வெட்டி எடுத்த மாதிரி, நீங்கள் எடுத்த நூறு படங்களைவிடப் பேசும்.

கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவில் ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை. சங்கத்தின் பெயரில் போடாமல் உங்கள் பெயரிலேயே போடுங்கள், ஏனென்றால் உரிமை குடிமக்களுக்குத்தான். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். இணையத்திலும் மனுப் போடத் தமிழ்நாடு அரசின் தளம் இருக்கிறது.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மறுத்ததாகத்தான் அர்த்தம். அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அங்கும் நடக்காவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. ஆணையம் நினைத்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அந்த அலுவலர் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டிவரும். ஆனால் ஆணையத்தில் வழக்கு விசாரணைக்கு வரப் பல மாதங்கள் ஆகலாம். அதை நம்பி மற்ற வேலைகளை நிறுத்தி வைக்காதீர்கள்.

மறுப்பு எப்படி வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘ஒப்பந்ததாரரின் வணிக ரகசியம்’ என்பார்கள். அரசுப் பணத்தில் முடிந்துபோன வேலையின் அளவில் என்ன ரகசியம் என்று மேல்முறையீட்டில் கேளுங்கள். தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கென்றே 1998இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். ‘பக்கங்கள் அதிகம்’ என்றால், நேரில் வந்து பார்த்துத் தேவையானதை மட்டும் நகல் எடுத்துக்கொள்கிறேன் என்று பதில் கொடுங்கள். பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. ‘கோப்பைக் காணவில்லை’ என்பது மறுப்பதற்குரிய காரணமே அல்ல. விசாரித்துப் பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

நீங்கள் செய்யப்போவது புது வழி அல்ல. 1994இல் ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பினர் வேலைக் கணக்குகளைப் பொது இடத்தில் உரக்க வாசித்தார்கள். கூலி வாங்கியதாகப் பெயர் எழுதப்பட்டவர்களே எழுந்து ‘நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை’ என்றார்கள். டெல்லி சுந்தர் நகரியில் 2002இல் பரிவர்த்தன் அமைப்பினர் சாலை, வடிகால் வேலைகளின் ஒப்பந்த நகல்களை வாங்கித் தெருத் தெருவாக ஒப்பிட்டு, போடாத வேலைகளுக்குப் பில் ஆகியிருப்பதை மக்கள் முன் காட்டினார்கள். 2005இல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்ததற்கு இப்படிப்பட்டவர்களின் உழைப்பே காரணம். 1997இலேயே இதற்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம் நம் தமிழ்நாடு. ராஜஸ்தானில் அந்தக் கூட்டங்களில் எழுந்து பேசியவர்களில் கூலிக்காரப் பெண்களும் இருந்தார்கள். ‘பொம்பளைக்கு எதுக்கு’ என்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தகவல் கேட்டவர்கள் தாக்கப்பட்டதும் கொல்லப்பட்டதும் இந்த நாட்டில் நடந்திருக்கிறது. தனியாகப் போடாதீர்கள். ஊரில் நாலைந்து பேர், முடிந்தால் வேறு வேறு தெருக்காரர்கள், ஒரே மனுவைத் தனித்தனியாகப் போடுங்கள். ஒருவரை மிரட்டினால் முடிந்துவிடும் என்ற நிலை இருக்கக் கூடாது. வரும் ஒவ்வொரு காகிதத்தையும் வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்குப் படமாக அனுப்பி வையுங்கள். ‘வாங்கம்மா, பேசித் தீர்த்துக்கலாம்’ என்று ஒப்பந்ததாரர் ஆள் அனுப்பினால் தனியாகப் பேசப் போகாதீர்கள். எதுவானாலும் கிராம சபையில் பேசலாம் என்று சொல்லுங்கள். நேரடியாக மிரட்டினால் தேதி, நேரம், சொன்ன சொல் எழுதி அன்றைக்கே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். மனுப் போட்டுவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு ஒதுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களால்தான் உண்மையாகக் கேட்பவர்களையும் அதிகாரிகள் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். உங்கள் சாலைக்காக ஒரு தேநீர்கூட யாரிடமும் குடிக்காதீர்கள்.

காகிதம் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பணி முடிந்த தேதியும் குறைபாட்டுப் பொறுப்புக் காலமும். அந்தக் காலத்துக்குள் சாலை பழுதானால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். அதற்காகத்தான் அவர் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டத்தில் போட்ட சாலை என்றால் 5 ஆண்டு. மற்ற திட்டங்களில் ஒப்பந்தத்தில் உள்ளபடி. உங்கள் சாலைக்கு இரண்டாம் ஆண்டு ஓடுகிறது. இந்தக் காலம் இன்னும் முடிந்திராமல் இருக்க வாய்ப்பிருக்கிறது. அப்படியானால் ‘நிதி வந்தவுடன்’ என்று உங்களுக்கு வந்த பதிலே தவறு. ஒப்பந்ததாரர் செய்து தர வேண்டிய வேலைக்கு அரசு ஏன் புது நிதி தேட வேண்டும்? காலம் முடிந்து பிடித்த தொகையும் திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டால் இந்தப் பிடி நழுவிவிடும். எனவே மனுவின் பதிலுக்குக் காத்திருக்காமல், ‘குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் முன் ஒப்பந்ததாரரைக் கொண்டு சீரமைக்கவும், அதுவரை பிடித்த தொகையை விடுவிக்காமல் இருக்கவும்’ என்று படங்களோடு பி.டி.ஓ.வுக்கும் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் செயற்பொறியாளருக்கும் இப்போதே எழுதுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் ஒரு நகல் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். முதல்வரின் உதவி எண் 1100இலும் பதிவுசெய்யலாம்.

எம்-புக்குக்கும் சாலைக்கும் அளவு இடித்தால் அது வேறு கட்டம். அப்போது ஒப்பீட்டை ஒரே தாளில் எழுதுங்கள்: இந்த இடத்தில் எம்-புக்கில் இவ்வளவு, நாங்கள் அளந்தது இவ்வளவு. கிராம சபையில் அதை வாசித்துத் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை இருக்கிறது; அடுத்து எது வருகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தீர்மானத்தின் நகலோடு தரக் கட்டுப்பாட்டு ஆய்வு கேட்டு ஆட்சியருக்கும், பொய் அளவு தெளிவாக இருந்தால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்துக்கும் புகார் அனுப்பலாம். உங்கள் மாமனாரின் கை நிரந்தரமாக ஊனப்பட்டுவிடும் என்று மருத்துவர் சொன்னால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 198-ஏ பிரிவு, சாலைப் பராமரிப்பில் விதிகளை மீறியதால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பானவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது.

படம் எடுப்பதை மட்டும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். மனு போய்ச் சேர்ந்ததும் அவசர அவசரமாக ஒட்டுப் போட்டுப் பள்ளங்களை மூடிவிட வாய்ப்பிருக்கிறது. மூடினால் ஊருக்கு நல்லதுதான். ஆனால் அடுக்குகள் தெரியும் விளிம்பும் அதோடு மறைந்துவிடும். பதில் வந்ததும் மதிப்பீட்டின் நகலையும் எம்-புக்கின் பக்கங்களையும் எனக்கு அனுப்புங்கள். கணக்கைச் சேர்ந்து பார்ப்போம்.